கழுத்து வரை உறைந்த தேங்காயெண்ணெய்

ரங்கூனில் பனிக்கட்டி கொட்டியதாக எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டதில்லை. வெளிநாட்டுக் காலண்டர்களில் கூரைமேல் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்ததோடு சரி. அதற்காக உன் பேட்டையில் நேற்று எவ்வளவு குளிர், என் பேட்டையில் எவ்வளவு குளிர் என்று ஒப்பிடாமல் இருந்துவிட முடியுமா? செடி வளர்ப்பவர்களை அப்படியெல்லாம் அடக்க முடியாது. மழைக்காலத்தில் மழையை அளப்போம். டிசம்பர் வந்துவிட்டால் குளிரை அளப்போம். அளப்பதற்கு எங்களிடம் இருந்த கருவி தேங்காயெண்ணெய்.

சிரிக்காதீர்கள். அது நல்ல கருவிதான். காலியான இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் கழுத்துவரை தேங்காயெண்ணெய் ஊற்றவேண்டும். ஊரில் எல்லோருக்கும் இருமல் என்பதால் எல்லோரிடமும் ஒரே அளவு பாட்டில் இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதைத் திறந்தவெளியில் வைத்துவிடவேண்டும். விடிந்ததும் துணியில் சுற்றி, ஏழு மணிக்குள் மார்க்கெட் பக்கத்து டீக்கடைக்குக் கொண்டுவரவேண்டும். அடியிலிருந்து எத்தனை விரல் உயரத்துக்கு எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கிறதோ அத்தனை விரல் குளிர். பாட்டிலுக்கு வெளியே விரல்களைப் படுக்கவைத்து எண்ணுவோம். யாருடைய விரல் என்பதில் சண்டை வந்ததால் டீக்கடைக்காரரின் விரல்தான் செல்லும் என்று முடிவானது. அவருக்குப் பாவம், விரல்கள் தடிமன்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் தையல்காரர். வேலை மார்க்கெட்டில், வீடு ஊர் ஓரத்து ஷ்வேப்யிதாவில். வீட்டு முன்னால் காலிஃபிளவரும் செவ்வந்தியும் போட்டிருந்தார். இன்னொருவர் மாவ்பியிலிருந்து முதல் ரயிலில் பூ கொண்டுவந்து விற்கும் அக்கா. அவருக்குத் தகப்பனார் தமிழர், தாயார் பர்மியர். எங்களோடு மட்டும் தமிழ் பேசுவார், அதிலும் பாதியில் பர்மியம் வந்து விழும். மூன்றாவது ஆள் நான். ஊர் நடுவில் மிங்கலா தாங்ஞுன்டில் நாலாவது மாடியில் குடியிருப்பு. மொட்டை மாடியில் எண்ணெய்த் தகரங்களில் ரோஜா. கீழே சின்னதாக ஒரு பலூடாக் கடை. கடை வைத்திருக்கும் முஸ்லிம் என்பதால் நான் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் காக்கா. அண்ணன் என்று அர்த்தம்.

பலூடாக் கடை என்று சொன்னதும் நீங்கள் கேட்கலாம். குளிர் அடித்தால் பலூடா யார் குடிப்பார்கள்? யாரும் குடிக்க மாட்டார்கள். ஜவ்வரிசி ஊறி ஊறி வீணாகும், ஐஸ் கட்டி உமிக்குள் கிடந்து கரையும். குளிர் என் பிழைப்புக்கு எதிரி. அந்த எதிரி என் மாடிக்கு மட்டும் அதிகமாக வரவில்லையே என்றுதான் நான் தினமும் காலையில் ஏங்கினேன். என்னைப்போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஏன் ஏங்கினேன் என்றால் தினமும் தோற்றேன். மாவ்பி வயல்வெளி. அக்காவின் பாட்டில் மூன்று விரல், மூன்றரை விரல் என்று வரும். ஷ்வேப்யிதா பாட்டில் இரண்டரைக்குக் குறையாது. என்னுடையது ஒரு விரல். சில நாள் அதுவும் இல்லாமல் கலங்கலாக ஏதோ ஒன்று. எங்கள் பேட்டையில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும், ஜன்னலுக்கு ஜன்னல் அடுப்புப் புகை வரும். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் இரவெல்லாம் அதைத் திருப்பித் தரும். அங்கே குளிர் எப்படி வரும்?

“காக்கா, இது குளிரா, இல்ல பாட்டிலுக்கு லேசா ஜலதோஷமா?” என்பார் தையல்காரர். டீக்கடையே சிரிக்கும். “ரோஜாவுக்குக் குளிர் வேணுமே. நீங்க பேசாம மாடியில மிளகா போடுங்க.”

எனக்கு ரோஷம் அதிகம். வாயும் அதிகம். போன வாரம்தான் அதே கடையில், இந்தக் குளிருக்கு என் ரோஜா கிண்ணம் கிண்ணமாகப் பூக்கும், வந்து பாருங்கள் என்று சவால் விட்டிருந்தேன். ரோஜாவோ ஒரு மொட்டுகூட விடாமல் இலையாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

அக்கா சிரிக்க மாட்டார். பாட்டில்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பார். அவருக்கு அது விளையாட்டில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாக அடுத்தவர் தோட்டத்துப் பூவைச் சுமந்து விற்றவர். அந்த வருடம்தான் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக வெற்றிலைப் பதியன் போட்டிருந்தார். நூறு கொடித்துண்டு. வேர் பிடித்துவிட்டால் வெயில் காலத்துக்கு முன்னால் கொடிக்கால் நட்டுவிடலாம். அதன் பிறகு விடியாத நேரத்தில் கூடையோடு ரயில் ஏறவேண்டாம், இலை வாங்குகிறவர்கள் வீட்டுக்கே வருவார்கள். “முட்டி வலிக்குது தம்பி. அந்த ரயில் படி வருசா வருசம் உசரமாயிக்கிட்டே போகுது” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் வெற்றிலைப் பதியனுக்குக் குளிர் ஆகாது. ஒரு இரவு சரியாக அடித்தால் கறுத்துவிடும். தலைக்குமேல் தென்னை ஓலைப் பந்தல், அதற்குக் கீழே சாக்குகளைத் தைத்துப் போர்வை என்று அவர் அதைக் கைக்குழந்தையைப்போலப் பொத்திவைத்திருந்தார்.

இனி என் வண்டவாளம்.

ஒருநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து மாடியில் பாட்டிலைப் பார்த்தேன். அரை விரல். தையல்காரரின் முகம் கண்முன் வந்து நின்றது. நேராகக் கீழே போய்க் கடையைத் திறந்தேன். துத்தநாகத் தகடு அடித்த ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கி, உமியைத் தள்ளி, ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் பாட்டிலைப் புதைத்தேன். தொழுத கையோடு, இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் செய்தேன். இரண்டு விரல் உறைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பால் வாங்கப் போன இடத்தில் பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்து எடுத்தால் பாட்டில் கழுத்துவரை கல்லாகிக் கிடக்கிறது. கவிழ்த்தாலும் அசையவில்லை.

யாராவது மூளை உள்ளவனாக இருந்தால் அதைக் கொஞ்சம் உருக்கியிருப்பான். நான் வெளியே ஒட்டியிருந்த உமியை மட்டும் துடைத்துவிட்டு எடுத்துப்போனேன்.

டீக்கடைக்காரர் விரல் வைத்தார். கை விரல் போதவில்லை. தையல்காரர் பாட்டிலைக் குலுக்கினார், மோந்து பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“என்ன காக்கா இது?”

“மாடியில காத்து அப்படி” என்றேன். “நாலாவது மாடி. மறைப்பே இல்ல. நீங்கள்லாம் தரையில இருக்கிறவங்க, உங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

சொன்ன பிறகு எனக்கே அது நியாயமாகப் பட்டது. பொய்யில் உள்ள ருசியே அதுதான். தையல்காரரே எனக்கு உதவிக்கு வந்தார். ஓடைப் பக்கத்திலிருந்து வரும் காற்று கட்டடங்களுக்கு நடுவில் நெருக்கி அடிக்கும், உயரத்தில் அது ஐஸாகத்தான் இருக்கும் என்று நாலு பேருக்கு விளக்கினார். அன்று என் டீயை அவர்தான் வாங்கித் தந்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அக்கா மட்டும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, “அமலே!” என்றார். திடுக்கிட்டால் பர்மியப் பெண்கள் வாயில் வரும் சொல் அது. “தம்பி, உன் ரோசா தாங்காதே!”

மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும் செய்தேன். ஒருநாள் கழுத்து வரை உறைந்தவன் அடுத்த நாள் ஒரு விரலுக்கு இறங்கினால் சந்தேகப்பட மாட்டார்களா? குளிரில் நடுங்குவதுபோல வேறு நடித்தேன். மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே வியர்த்தது.

நாலாம் நாள் அக்கா பூக்கூடையோடு தலையில் இன்னொரு மூட்டையும் வைத்துக்கொண்டு வந்தார். இறக்கியபோதுதான் தெரிந்தது, சாக்குப் போர்வை. கோணி ஊசியால் நெருக்கித் தைத்தது. பதியன்மேல் போட்டிருந்த அதே போர்வை.

“இத உன் ரோசாவுக்குப் போடு” என்றார்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. “ஐயோ வேணாம்க்கா. உங்க பதியன் என்னாவுறது?”

“எனக்கு மூணு வெரல்தான தம்பி. ஓலைப் பந்தல் தாங்கிக்கும். உனக்குக் கழுத்து வரைக்கும் வருது. குளிரு இந்த வருசம் ஊருக்குள்ள எறங்கிட்டுது. யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான வேணும்?”

“இல்லக்கா, ரோஜா தாங்கும்…”

“இவன் இப்படித்தான், கூச்சப்படுவான்” என்று டீக்கடைக்காரரிடம் சொன்னார். தையல்காரர் வேறு, “வாங்கிக்கங்க காக்கா, அக்கா அவ்ளோ தூரம் சுமந்துட்டு வந்திருக்காங்க” என்றார். ஒரே வரியில் முடிந்திருக்கும். என் பாட்டில் பொய், அக்கா, என்று சொல்லியிருந்தால் போதும். கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூட்டையை வாங்கிக்கொண்டேன். நன்றி வேறு சொன்னேன்.

வீட்டில் என் மனைவி மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளிடம் மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் பெட்டி என்றதும் முதலில் சிரித்துவிட்டாள். சாக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

“அட மனுசா! அந்தப் பொம்பள பதியன உரிச்சு உங்களுக்குப் போத்தி விட்டிருக்கா. இத வச்சுக்கிட்டு உங்களுக்குச் சோறு எறங்குமா? இப்பவே எந்திரிச்சுப் போங்க. மத்தியான ரயிலு இருக்குல்ல?”

“கடைய யாரு பாக்குறது?”

“கடையில யாரு இருக்கா? ஈ கூட குளிருதுன்னு போயிருச்சு!”

உண்மைதான். ஆனாலும் போகவில்லை. அன்று ஐஸ்காரர் வருவார் என்றேன். ரயிலில் கூட்டமாக இருக்கும் என்றேன். இன்று ஒரு இரவுதானே, நாளை காலை டீக்கடையில் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மாவ்பி வரை போய் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம். மற்றதெல்லாம் சப்பைக்கட்டு. போர்வையை ரோஜாவின்மேல் போடவும் மனசு வரவில்லை. மாடிப்படியில் சுருட்டியபடியே கிடந்தது.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று திரும்பியது. வடக்கிலிருந்து வந்தது. மார்க்கெட்டில் கடைகளைச் சீக்கிரமே கட்டினார்கள். நான் மஃப்ளரைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை நடிப்பில்லை.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். ஐஸ் பெட்டியைத் தொடாமல், என் சொந்த மாடியில், எங்கள் அடுப்புப் புகையையும் சுவரின் சூட்டையும் மீறி, இரண்டரை விரல் உறைந்திருந்தது. இரண்டரை! நான் வாரக்கணக்கில் ஆசைப்பட்ட அளவு. இங்கே இரண்டரை என்றால் மாவ்பியில் எவ்வளவு என்று கணக்குப் போட எனக்கு டீக்கடைக்காரர் விரல் தேவைப்படவில்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். தையல்காரர் வந்துவிட்டார். அவருடைய பாட்டில் கழுத்துவரை வெள்ளை. “காக்கா, செவ்வந்தி தப்பிச்சுது. காலிஃபிளவருக்குக் கொண்டாட்டம்” என்று சிரித்தார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி ஆனது. ஏழரை ஆனது. இருபது வருடத்தில் காய்ச்சல் அன்றுகூட வரத் தவறாத அக்கா அன்று வரவில்லை.

தையல்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை முழுவதற்கும் கேட்கும்படிதான் சொன்னேன், அப்போது மட்டும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்து தன் கடைக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அடுத்த ரயிலைப் பிடித்தேன். மூட்டையை மடியில் வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் விற்பனைக்கா என்று கேட்டார். இல்லை, திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். வழியெல்லாம் வயல்களில் பனிமூட்டம் கலையவே இல்லை. அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாகப் பேசிப் பார்த்தேன். மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகவே இருந்தேன். அதை எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே ஆச்சரியம்.

வீட்டுக்குப் பின்னால் அக்கா குந்தியிருந்தார். பந்தல் ஓலையெல்லாம் ஈரம். கீழே பாத்தி முழுக்க வெற்றிலைத் துண்டுகள் வதங்கிக் கறுத்து, வேகவைத்த கீரைபோலத் தண்டோடு ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரை நகத்தால் கீறிப் பார்த்து, ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் குவியலாக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு கூடையில் பச்சையாகக் கொஞ்சம்.

காலடி கேட்டு நிமிர்ந்தார். என் கையில் இருந்த சாக்கைப் பார்த்தார்.

“வந்துட்டியா தம்பி? ரோசா பொழச்சுதா?”

நான் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ரயிலில் பேசிப் பார்த்த மூன்றும் மறந்துபோயின. “அக்கா, என் மாடியில குளிரே இல்ல. பாட்டில ஐஸ் பெட்டியில வச்சு எடுத்தேன். நாலு நாளும் பொய். இவங்க சிரிக்கிறாங்களேன்னு செஞ்சேன்” என்றேன். அழுதேன் என்றும் சொல்லவேண்டும். நாற்பது வயது ஆள், தாடி வைத்தவன், சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அக்கா கையில் இருந்த துண்டை நகத்தால் கீறினார். கறுப்பு. குவியலில் போட்டார். அடுத்ததை எடுத்தார். அதுவும் கறுப்பு. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

“குளிரே இல்லையா?” என்று கடைசியில் கேட்டார்.

“இல்லக்கா.”

“ராத்திரி பூரா? சூடாத்தான் இருக்குமா?”

“சுவரு சூடா இருக்கும்க்கா. நேத்து ஒருநாள்தான் கொஞ்சம் குளிர்ந்துச்சு.”

அவர் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அதைவிட மோசமாக, நிஜமாகவே புரியாத ஒரு பார்வை.

“அப்ப மொதல்லயே சொல்லியிருந்தா எல்லாத்தையும் உன் மாடியில கொண்டாந்து வச்சிருப்பேனே தம்பி. உன் ஒரு வெரலப் பாத்துக் கேக்கலாம்னு இருந்தப்பதான் அது கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. சூடா ஒரு எடம் கெடைக்குமான்னுதான நான் தெனமும் எல்லார் பாட்டிலையும் பாத்தேன்.”

நான் வெட்கப்பட்டு மறைத்த அந்த ஒரு விரல் குளிரைத்தான் அந்தப் பெண் ஊர் முழுக்கத் தேடியிருக்கிறார்.

மத்தியானம்வரை அவரோடு குந்தியிருந்து மீதியைக் கீறிப் பார்த்தேன். நூறில் பதினெட்டு பச்சையாக இருந்தன. அவற்றை ஈர மண்ணோடு வாழைமட்டையில் சுற்றிக் கூடையில் அடுக்கி, “கொண்டு போ” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாக்குப் போர்வையை நான் வைத்த இடத்தில் விட்டுவிட்டு உள்ளே போனார். அந்த வருடமும் அடுத்த வருடமும் அவர் முதல் ரயிலில்தான் வந்தார்.

கூடையை நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன். ரோஜாத் தகரங்களை எல்லாம் காற்று அடிக்கும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த வீட்டு அடுப்புப் புகை வருகிற மூலையில், சுவரோடு ஒட்டிப் பதினெட்டையும் வைத்தேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பகல் வெயில் இன்னும் உள்ளே இருந்தது, கை சுட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.